நெல்லுக்கு ஒரு விமான நிலையம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் நொடியில் வந்து விழுகிற காலம் இது. வன்னியின் வவுனியா, இரணைமடு என்று தட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஓடுபாதை உண்டு. நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர், ஏறி இறங்கக் கால் மணி நேரம் போதும். ஒரேயொரு குறை, இரண்டும் விமானப்படை முகாம்கள். அங்கே ரிக்கற் விற்க ஆளில்லை, விலாசம் விசாரிக்கத்தான் ஆளுண்டு.

ஆகவே 2019 வரை, இரணைமடுவுக்குப் பக்கத்துக் கிளிநொச்சிக்காரர் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போவதென்றால் முதலில் தெற்கே போகவேண்டியிருந்தது. ஏ9 வீதியில் இரவிரவாக வானில் குலுங்கி, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கட்டுநாயக்க. அங்கிருந்து விமானம் வடக்கே திரும்பி, மன்னார்க் கரையோரமாக, அவர் முதல்நாள் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குப் பக்கத்தாலேயே பறக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வித்தைக்கு வான்கூலி வேறு.

2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். சென்னை 360 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. சில மாதங்களில் கொரோனாவும் வந்தது. அந்தக் கிருமி 2021 ஜனவரியில் கட்டுநாயக்கவை உல்லாசப் பயணிகளுக்கு விட்டுக்கொடுத்தது. பலாலியை 2022 டிசெம்பர் வரை விடவில்லை. தமிழர் பக்கத்து ஓடுபாதை என்றால் கிருமிக்கும் ஒரு தனிப் பாசம் போலும்!

வடக்கில் விமான நிலையம் நடத்தக் காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2013இல், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில், அவர் பெயரிலேயே, மத்தளவில் 20 கோடி டொலருக்கு மேல் கொட்டி விமான நிலையமொன்றைக் கட்டித் திறந்தார்கள். காசில் பெரும்பங்கு சீனக் கடன். மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை. கட்டினார்கள், பயணி வரவில்லை. 2015இல் அதன் சரக்குக் கூடத்தில் நெல்லை அடுக்கினார்கள். இந்த நாட்டில் நெல்மூட்டைக்கு விமான நிலையம் கிடைத்தது. நெல் விதைக்கிற வன்னியானுக்கு வான்தான். கடனை மட்டும் எல்லோரும் சேர்ந்தே கட்டுகிறோம்.

தூரத்தையும் நேரத்தையும் வன்னிச் சனத்துக்கு விமானப்படை வேறுவிதமாகவும் படிப்பித்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில், கேப்பாப்புலவுக்குப் பக்கத்துப் பிலவுக்குடியிருப்பு. வீதியிலிருந்து வளவுக்குச் சில எட்டுகள். இடையில் விமானப்படையின் முள்வேலி. 2009இல் இடம்பெயர்ந்த சனம் அந்தச் சில எட்டுகளைக் கடந்தது 2017 மார்ச் 1 அன்று. அதுவும் யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல. குழந்தைகுட்டியோடு ஒரு மாதம் முகாம் வாசலில் வெயிலிலும் பனியிலும் குந்தியிருந்த பிறகுதான். எட்டு வருடம்! அதற்குள் எத்தனை அமைச்சர்கள் எத்தனை தரம் ஹெலியில் வந்து இறங்கி, நல்லிணக்கம் பேசி, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழும்புக்குத் திரும்பியிருப்பார்கள்.

அதே மார்ச் 1ஆம் திகதி, பக்கத்துக் கேப்பாப்புலவுச் சனம் தங்கள் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் போய்க் குந்தியது. அவர்கள் ஓடுபாதை கேட்கவில்லை, தங்கள் ஒழுங்கையைத்தான் கேட்டார்கள்.