பிரித்துப் பார்த்ததற்கும் கூலி உண்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் ரிப்பேர் பற்றியவை. ஆகவே முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் 'பீப் பீப்' என்று கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. மெக்கானிக் தம்பி வந்தார். ராமைக் கழற்றினார், பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தார், திரும்ப மாட்டினார். ஓடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு 400 ரூபாய் கேட்கிறார். நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: முழு நியாயம், ஐயா. முதலில் அவர் செய்தது என்னவென்று பாருங்கள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் நினைவகமான ராமைத் தேடும். கிடைக்காவிட்டால் திரையில் எழுதிக் காட்ட வழியில்லாமல் பீப் அடித்துக் கூப்பிடும். ராமின் அடி ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பட்டைகள் இருக்கும். மெல்லிய தங்கப் பூச்சு அது. அதன் மேல் தூசும் ஈரமும் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். மெதுவாகத் துடைத்தால் சரியாகிவிடும். அழுத்தித் தேய்த்தால் தங்கமே போய்விடும், ரப்பர்த் தூள் சாக்கெட்டில் விழுந்தால் புதுத் தொல்லை. அந்தப் பக்குவம் கைக்கு வர வருடக்கணக்காகும்.

இன்னொன்று. அந்தத் தம்பி "மதர்போர்டு போச்சு சார்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து நன்றியும் சொல்லியிருப்பீர்கள். அவர் உங்கள் கண் முன்னாலேயே ரப்பரை எடுத்தார். 400 ரூபாய் அந்த நேர்மைக்கும் சேர்த்துத்தான்.

நம் பக்கத்தில் பர்மா தேக்கு நிலைக்கதவு மழைக்காலத்தில் இடித்தால் ஆசாரி வருவார், ஓரத்தில் இரண்டு இழை இழைப்பார், கதவு வழுக்கிக்கொண்டு சாத்தும். எத்தனை நிமிடம் என்று நாம் கடிகாரம் பார்த்ததில்லை, கூலியைக் கையில் வைப்போம். கம்ப்யூட்டர் ஆசாரிக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். இன்று அவர் கூலியை வெட்டினால், நாளை அதைப் பாகத்தின் விலைக்குள் ஒளித்து வைக்கப் பழகிவிடுவார். அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: 'செக்கிங் இலவசம்' என்று போர்டு போட்ட கடைக்குப் போகலாமா?
— வாசகர், புதுவயல்

பதில்: பார்ப்பதற்குக் காசு வாங்காத கடைக்கு, எதையாவது மாற்றினால்தான் வருமானம். 'பார்த்துச் சொல்ல இவ்வளவு' என்று எழுதிப் போட்டிருக்கிற கடைக்குப் போங்கள். "ஒன்றும் ஆகவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்ல அந்தக் கடையால்தான் முடியும்.

கேள்வி: மகன் என்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான். அசெம்பிள் செய்த சிஸ்டம்தான் வேண்டுமாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களை வாங்கி வந்து, இங்கே கூலி கொடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்கிறான். காரைக்குடிக் கடையில் மொத்தமாக வாங்கினால் ஆறாயிரம் கூடுதல். எது நல்லது?
— ஒரு தகப்பனார், காரைக்குடி

பதில்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைவு என்பதும் உண்மை, வகை அதிகம் என்பதும் உண்மை. மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் கிடைக்காத பாகம் தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஆறு கடையில் ஆறு பாகம் வாங்கி வந்து, மாட்டி, சுவிட்சைப் போட்டதும் ஓடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? போர்டு விற்றவர் "ராமைப் பாருங்க" என்பார். ராம் விற்றவர், மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டுவார். மாட்டியவர் "நீங்க கொண்டு வந்த சாமான் சார்" என்பார். மூன்று பேர் சொல்வதும் அவரவர் அளவில் சரியாகவே இருக்கும். நீங்கள் மறுபடி சென்னைக்கு விடிகாலையில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியதுதான். அந்த ஆறாயிரத்தில் ஒரு பகுதி, 'எது கெட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரே ஆள் ஏற்றுக்கொள்வதற்கான விலை. அதை அவர் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்தில் என்றால் எப்படி? 'ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி' என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவது கொட்டேஷன் ஆகாது. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல், வாரண்டி எத்தனை வருடம், விலை என்ன என்று தனித்தனி வரி வேண்டும். கடைசி வரியில் மாட்டும் கூலி தனியாக நிற்க வேண்டும். பில்லில் சீரியல் நம்பர்களும் ஏற வேண்டும். பிராசசர் பாக்ஸோடு வருகிறதா, வெறும் ட்ரே சரக்கா என்று கேளுங்கள். பாக்ஸ் என்றால் பொதுவாகக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி உண்டு, ட்ரே என்றால் விற்றவர் கொடுக்கிற வார்த்தைதான். காசு மிச்சம் பிடிக்க எஸ்எம்பிஎஸ்ஸில் கைவைக்காதீர்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

மாட்டுகிற கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதைய மதர்போர்டில் பிராசசர் உட்காருகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் தலைமுடி மாதிரிப் பின்கள் அடர்ந்திருக்கும். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பெயரிலேயே இருக்கிறபடி 1,700 பின்கள். பிராசசரைச் சரியான திசையில், தானாக உட்காரும்படி வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். அரை அங்குல உயரத்திலிருந்து நழுவினாலும் பின் வளையும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது, போர்டு அவ்வளவுதான். ஆகவே மாட்டுகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மாட்டும்போது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" தயங்காமல் "நான்தான்" என்கிறவருக்கு அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். ஏஐ டேட்டா சென்டர்கள் ராம் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. போன வாரக் கொட்டேஷன் இந்த வாரம் செல்லாது என்று கடைக்காரர் சொன்னால், அதற்காக அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீடு பழைய வீடு. கம்ப்யூட்டர் டப்பாவின் பின்பக்கம் கை பட்டால் சுர்ரென்று பிடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும், 2,500 ஆகும் என்கிறார்கள். மாற்றட்டுமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் ஆச்சி. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது மிகச் சிறிய கரண்டை டப்பாவின் உடம்புக்கு விடும். அதை மண்ணுக்குக் கொண்டு போகத்தான் பிளக்கில் மூன்றாவது பின். எர்த் இல்லாத வீட்டில் அந்தக் கரண்ட் போக வழி தெரியாமல் டப்பாவிலேயே நிற்கும். நீங்கள் ஆத்தங்குடிக் கல் தரையில் செருப்பில்லாமல் நின்று தொட்டால், உங்கள் வழியாக இறங்கிவிடும். புது எஸ்எம்பிஎஸ் போட்டாலும் அதே சுர்தான், ஏனென்றால் அதிலும் அதே வடிகட்டி உண்டு.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் மரப்பட்டி மேல் ஓடுகிற பழைய வயரிங்கை இன்னும் பார்க்கலாம். இரண்டே வயர், எர்த் கிடையாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கட்டையில் சொருகி வைத்திருந்தாலும் இதே கதைதான். எர்த் குழி ஒன்று போட்டு, அந்த அறைக்கு மட்டுமாவது எர்த் வயர் இழுத்து, கசிவு கண்டால் துண்டிக்கிற ஆர்சிசிபி ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை, பின்பக்கம் எதையாவது சொருகுவதென்றால் சுவிட்சை அணைத்துவிட்டுச் சொருகுங்கள். சுர்ரென்பது ஷாக்காக மாறினால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். சிஸ்டத்தை ஃபார்மட் செய்து வாங்கினேன். பத்து வருடக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன, ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிடக்கின்றன. மெக்கானிக் கெடுத்துவிட்டாரா?
— வாசகர், செக்காலை ரோடு, காரைக்குடி

பதில்: ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன, மூச்சு விடுங்கள். போனது ஃபான்ட். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. ஃபான்ட் போனால் அடியிலிருக்கிற ஆங்கிலம் தலைகாட்டும். அதே ஃபான்டைத் திரும்ப ஏற்றுங்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள். இனி புது வேலையை யூனிகோடில் செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது.

ஃபார்மட் என்ற சொல் காதில் விழுந்ததுமே மூன்றை எழுதிக் கொடுங்கள்: எந்த ஃபோல்டர் வேண்டும், எந்த ஃபான்ட், எந்த சாஃப்ட்வேர். பேக்கப் எடுப்பது தனி வேலை. அதற்கு மணிக்கணக்கில் நேரம் போகும். அதற்குக் கூலி பேசாமல் "அப்படியே டேட்டாவையும் எடுத்து வைங்க தம்பி" என்றால், அந்த 'அப்படியே'வில்தான் எல்லாம் போகும்.

கேள்வி: லேப்டாப்பில் குடும்பப் போட்டோக்கள் இருக்கின்றன. கடையில் விட்டுவிட்டு வரப் பயமாக இருக்கிறது. அதிகமாகச் சந்தேகப்படுகிறேனா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: இல்லை அம்மா. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னப் பழுது செய்த லேப்டாப்களை 16 கடைகளில் கொடுத்து, யார் எதைத் திறக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். 6 கடைகளில் சொந்த ஃபைல்களைத் துழாவியிருந்தார்கள், அதில் 2 கடைகளில் நகலும் எடுத்திருந்தார்கள். 2022-இல் வெளிவந்த ஆய்வு அது. பேட்டரி, கீபோர்டு, டிஸ்ப்ளே மாற்ற ஒருவருக்கு உங்கள் பாஸ்வேர்டு எதற்கு? கேட்டால் காரணம் கேளுங்கள். கழற்ற முடிகிற எஸ்எஸ்டி என்றால் உங்கள் முன்னாலேயே கழற்றித் தரச் சொல்லி, கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சாஃப்ட்வேர் வேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார், நாற்காலி போடுவார்.

கேள்வி: எட்டு ஒன்பது வருடப் பழைய சிஸ்டம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார்கள்.
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உண்மை. உங்கள் பிராசசர் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறும், டிபிஎம் என்ற வசதியை மட்டும் பயாஸில் முடுக்கிவிட வேண்டியிருக்கலாம். அதற்கும் பழையது என்றால் லினக்ஸ் போடுங்கள். அரசு கொடுத்த பள்ளி லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் பார்த்த பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இன்னும் சுழல்கிற ஹார்ட் டிஸ்க் என்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள், காபி ஆறுகிற நேரம் எடுத்த சிஸ்டம் அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். 'கிராக்' விண்டோஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். பூட்டை உடைத்துத் தருகிற சாஃப்ட்வேர் உள்ளே வேறு யாரைக் கூட்டி வருகிறது என்று அவருக்கே தெரியாது.

கேள்வி: யுபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. புதிது வாங்கட்டுமா?
— வாசகர், கழனிவாசல்

பதில்: சின்ன யுபிஎஸ் என்றால் உள்ளே 12 வோல்ட் பேட்டரி ஒன்றுதான். இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடும், அதை மட்டும் மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது, கடையில் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி நம் காரைக்குடியில் இருக்கிறது. பேட்டரியைச் சாக்கடையோரம் வீசுவது இந்த ஊருக்கு அழகில்லை.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் மாற்றினேன். பில் கேட்டதற்கு "நம்ம ஆளுக்கு எதுக்கு பில்? ஜிஎஸ்டி மிச்சம்" என்றார். இருபதாம் நாள் அது போய்விட்டது. விற்ற பொருள் வாபஸ் இல்லை என்கிறார்.
— வாசகர், சிவகங்கை

பதில்: 18 சதவீதம் மிச்சம் பிடித்தோம் என்று நினைத்த இடத்தில் முழுப் பணமும் மாட்டிக்கொண்டது. ஆனால் வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. திரும்பக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு, உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஜிபே பதிவையும் வாட்ஸ்ஆப் பேச்சையும் அழிக்காதீர்கள். முதலில் கடைக்காரரிடமே நிதானமாகப் பேசுங்கள், பல பிரச்சினை அங்கேயே முடியும். முடியாவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன மெக்கானிக்கும் வெள்ளைத் தாளில் தேதி போட்டு, பாகம், கூலி, கையெழுத்து என்று பில் தரலாம். அவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் வீடு வீடாகப் போய் சிஸ்டம் பார்க்கிறவன். வெளியாள் கூலி கொடுத்துவிடுகிறார். சொந்தக்காரர்கள்தான் "நம்ம தம்பிதானே" என்று காபியோடு அனுப்பிவிடுகிறார்கள். அயித்தான் வீட்டில் கேட்டால் கோபம் வருகிறது. என்ன செய்வது?
— ஒரு மெக்கானிக், கோட்டையூர்

பதில்: கூலிப் பட்டியல் ஒன்று அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்து பார்க்க, ஃபார்மட் செய்ய, பேக்கப் எடுக்க, புதிதாக மாட்ட என்று ஒவ்வொன்றுக்கும் தொகை போடுங்கள். அயித்தான் வீட்டுக்கும் அதே பில். முழுக் கூலியை எழுதி, கீழே 'உறவுக்காகக் கழித்தது' என்று எழுதி, மீதியைக் கேளுங்கள். மொய்யை நோட்டுப் போட்டு எழுதுகிற ஊர்க்காரர்கள் நாம், எழுத்தைப் பார்த்தால் மதிப்போம்.

இந்தத் தம்பியின் உறவினர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்த மூன்று மணி நேரத்தில் வெளியே இரண்டு வீட்டு வேலையை விட்டிருக்கிறார். அடுத்த முறை அவர் பையைத் தோளில் மாட்டுவதற்குள், "கூலி எவ்வளவு தம்பி?" என்று நீங்களே முந்திக் கேளுங்கள்.