இரண்டாம் வகுப்பு மீன்கள்

பிரான்சில் ரயில்பெட்டிக்கு இருப்பதுபோல ஆற்றுக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு என்று என் மச்சான் சொன்னபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஏதோ அளக்கிறான் என்றுதான் நினைத்தேன். உண்மைதானாம். சட்டமே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. டிரவுட் மீன் வாழும் குளிர்ந்த ஆறுகள் முதல் வகுப்பு. கெண்டை வகையறா புழங்கும் மற்ற தண்ணீரெல்லாம் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புத் தண்ணீரில் பைக், பெர்ச், சாண்டர், பிளாக் பாஸ் ஆகிய நால்வரையும் கொண்டுபோய் விடக் கூடாது. விட்டால் குற்றம்.

ஆனாலும் அவர்கள் எப்படியோ ஏறிவிடுகிறார்கள். மச்சானின் மனக்குறையே அதுதான். விடியற்காலையில் எழுந்து, நடுங்கிக்கொண்டு, இடுப்பளவு பனித்தண்ணீரில் இறங்கி நின்று டிரவுட்டுக்குத் தூண்டில் வீசினால், முள்ளில் ஒரு பெர்ச் தொங்குகிறதாம். "அப்ப வர்ற எரிச்சல் இருக்கே மாமா, சொன்னா புரியாது" என்றான். எனக்கு உண்மையாகவே புரியவில்லை. மீன் பிடிக்கப் போனான், மீன் கிடைத்தது. இதில் அழ என்ன இருக்கிறது?

மச்சான் வீட்டார் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-ல் அமலுக்கு வந்த பிறகு, ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று தாத்தா எழுதிக்கொடுத்தார். அந்தக் கையெழுத்தில் வந்த பேரன், பாரிசுக்கு வெளியே குடியிருந்துகொண்டு விடுமுறைக்கு வில்லியனூர் வருகிறான். முதல் வகுப்பு ஆறுகளில் செப்டம்பர் மூன்றாவது ஞாயிறோடு மீன்பிடி முடிகிறது. மார்ச் இரண்டாவது சனிக்கிழமைதான் மறுபடி திறப்பு. நடுவில் கை அரிக்குமல்லவா? டிசம்பரில் வந்தவன் தூண்டிலையும் கட்டி எடுத்து வந்துவிட்டான்.

அந்தத் தூண்டிலைச் சொல்ல வேண்டும். நாலு துண்டாகக் கழற்றி ஒரு குழாய்க்குள் போட்டிருந்தான். கூடவே மார்பு வரைக்கும் ஏறும் ரப்பர் கால்சட்டை, இருபது பையாவது வைத்துத் தைத்த ஒரு மேல்சட்டை, ஒரு டப்பா நிறைய பொய் ஈக்கள். கோழி இறகையும் முயல் மயிரையும் சின்ன முள்ளில் நூலால் சுற்றி ஈபோலச் செய்திருந்தான். டிரவுட், தண்ணீர்மேல் விழும் பூச்சியைத் தின்னும் மீன். அதை ஏமாற்ற இந்த ஏற்பாடு. என் மனைவி அந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். "கோழி எறகையா பிரான்சுலேருந்து இம்மாந்தூரம் தூக்கியாந்த? நம்ம கொல்லையில நாலு கோழி சும்மா சுத்துதுடா" என்றாள். மச்சான் பதில் சொல்லவில்லை. அக்காவிடம் வாய் கொடுக்கும் தைரியத்தைப் பிரெஞ்சுக் குடியுரிமையும் தருவதில்லை.

பிள்ளையார்குப்பம் படுகை அணைப் பக்கம் போனோம். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தங்கி, திருக்காஞ்சி கோயிலை ஒட்டி நடந்து, சுண்ணாம்பாறு என்ற பெயரில் கடலுக்குப் போகிற சங்கராபரணி, வருஷத்தில் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். மழை முடிந்திருந்ததால் அன்று தண்ணீர் இருந்தது. அதைப் பிரெஞ்சுச் சட்டம் எந்த வகுப்பில் சேர்க்கும் என்று கேட்டேன். மச்சான் குனிந்து விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றினான். டிரவுட்டுக்கு இருபது டிகிரியைத் தாண்டினாலே மூச்சு முட்டும். நம்ம ஊரில் இருபது டிகிரி என்பது மார்கழி விடியலில் குல்லா போட்டுக்கொண்டு பார்க்கிற சங்கதி.

கரையில் ஏற்கெனவே நாலைந்து பையன்கள் இருந்தார்கள். மூங்கில் கழி, நரம்பு, முள், நெட்டித் தக்கை. கொட்டாங்கச்சியில் நாக்குப்பூச்சி. பக்கத்தில் பெயின்ட் வாளி. மச்சானின் ரப்பர் கால்சட்டையைப் பார்த்து ஒருவன், "யாருடா இது, கெணறு தூர் வார்றவரா?" என்று மெதுவாகக் கேட்டான். அவ்வளவு மெதுவாக இல்லை.

மச்சான் வீசினான். அந்த நூல் முன்னும் பின்னும் பாம்புபோல் வளைந்து பறந்ததைப் பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. முதல் வீச்சில் பின்னால் நின்ற வேலிக்காத்தானைப் பிடித்தான். இரண்டாவது வீச்சிலும் அதையேதான். அதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த மரம்தான் என்பதால் ஏதோ அயலார் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒருவழியாக ஈ தண்ணீரில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு இழுப்பு. கண்கள் பளபளக்க மச்சான் சுருட்டினான். வந்தது உள்ளங்கையகல ஜிலேபிக் கெண்டை.

முகத்தைப் பார்த்தேன். பெர்ச் கிடைத்தால் வரும் என்று அவன் சொன்ன எரிச்சல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் விராலுக்கு வந்திருந்தான். நம் தண்ணீரில் துரை என்றால் விரால்தான். கெளுத்தி, குறவை, ஆரல் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. ஜிலேபி வரிசையிலேயே கிடையாது. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம். ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று 1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அது தன் காலில், மன்னிக்கவும், தன் செதிலில் நின்றுகொண்டது. ஆண் மீன் தரையில் குழி பறித்து வீடு கட்டும். பெண் மீன் முட்டைகளை வாயில் போட்டுக்கொண்டு, குஞ்சு பொரிக்கும்வரை பட்டினி கிடக்கும். இப்படி ஒரு தாயை எதிர்த்து எந்த மீன் ஜெயிக்கும்?

மச்சான் அந்த ஜிலேபியை இரண்டு கையாலும் ஏந்தி, முள்ளை நோகாமல் எடுத்து, தண்ணீரில் விட்டான். அங்கே அதுதான் நாகரிகம். பையன்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. "அண்ணே! இன்னாண்ணே பண்ணிட்ட!" என்று ஒருவன் சட்டையோடு தண்ணீரில் குதித்துத் துழாவினான். அடுத்து மாட்டியது கொஞ்சம் பெரிய ஜிலேபி. விடுவதற்கு வேலையே வைக்காமல் நரம்பை அறுத்துக்கொண்டு, டப்பாவிலேயே நல்ல ஈ என்று அவன் சொல்லிவைத்திருந்த சிவப்பு இறகோடு போய்விட்டது.

அவனைத் தேற்றுவதற்காக, ஜிலேபி மட்டுமா வந்தேறி என்று ஆரம்பித்தேன். ஊட்டி டிரவுட் யார்? 1863-ல் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார டாக்டர் நீலகிரியில் டிரவுட் வளர்க்கப் பார்த்தார், தோற்றார். பிறகு வில்சன் என்பவர் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து, மலை ஓடைகளில் அதைக் குடியேற்றினார். துரைமார்களுக்குத் தூண்டில் போட ஆசை வந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ஏழைக்குச் சோற்றோடு சேர வந்தது ஜிலேபி, அது ரவுடி. துரைக்குப் பொழுது போக வந்தது டிரவுட், அது விருந்தாளி. உன் பிளாக் பாஸ் கதையும் அப்படித்தான் என்றேன். அதில் வாய் சிறுத்த பாஸ் என்று ஒரு ஜாதி. அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றில் முன்பு கிடையாது. 1854-ல் யாரோ ஒரு புண்ணியவான் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து விட்டார். ஓசிப் பயணத்தில் வந்து இறங்கியதற்கு இன்று அங்கே ரசிகர் கூட்டம்.

மச்சான் கேட்டுக்கொண்டிருந்தானே தவிர கண் தண்ணீரில்தான் இருந்தது. நடுவில் ஒரு பனையேறிக் கெண்டை வந்தது. செவுள் முள்ளால் அவன் விரலைக் கீறிவிட்டுப் போனது. அதற்கும் ஒரு கதை சொன்னேன்: தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த இந்த மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் வரைக்கும் போனது. அவர் நின்றது பனைமரத்தடி என்பதால், மீன்தான் ஏறியதா, வேறெதுவும் இறங்கியதா என்று எனக்கு ஒரு சந்தேகம். அறிவியலாளர்கள் பெரிய மனதோடு அதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

வெயில் இறங்கும் நேரத்தில், கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் கொதித்தது. மச்சானின் கழி வில்லாக வளைந்தது. இது ஜிலேபி இல்லை என்று பையன்கள் கத்தினார்கள். கரையோரம் வந்தபோது பார்த்தால், முழங்கை நீளம், பாம்புத் தலை. விரால்! மச்சானுக்குக் கை நடுங்கியது. எனக்கு வாயில் மிளகும் பூண்டும் மணத்தது.

"தம்பி, கொஞ்சம் நில்லு" என்றது ஒரு குரல். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெருசு. "அங்க பாரு." கோரை ஓரத்தில், கைக்குட்டையகலத்துக்குத் தண்ணீர் செந்நிறமாக நெளிந்தது. அத்தனையும் விரால் குஞ்சு. "குஞ்சு மேய்க்குது. இதப் புடிச்சிட்டன்னா, அம்புட்டு குஞ்சையும் உன் ஜிலேபியே காலி பண்ணிடும்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் முள்ளை எடுத்து விராலை விட்டான். விடுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. இந்த முறை எந்தப் பையனும் குதிக்கவில்லை.

வெறுங்கையோடு போனால் அக்கா பேசுவாள் என்பதால், பையன்களின் பெயின்ட் வாளியை விலை கேட்டோம். பெரியவன் வாளியைக் குலுக்கிக் காட்டினான். எல்லாம் ஜிலேபி. நடுவில் ஒன்றின் உதட்டில் சிவப்பு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது என் ஈ!" என்றான் மச்சான்.

"தெரியும்ணே" என்றான் பையன். "வாளிக்கு நூத்தம்பது. எறகுக்குத் தனியா அம்பது. யூரோவுல குடுப்பியா, ரூவாயிலயா?"