நாக்கை நீட்டினால் போதுமா?

கே: டாக்டரிடம் வாயே திறக்காதவரை ‘ஏமாற்றி மருந்து வாங்கினார்’ என்று பிடிக்க முடியுமா?

ப: டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், அமெரிக்காவின் ஃப்ளோரிடா சட்டம் அந்த நாக்கைப் பேசவும் சொல்கிறது! கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை 30 நாளுக்குள் இன்னொரு டாக்டரிடம் வாங்கியிருந்து, அதை மறைத்தால் குற்றம். ‘டாக்டர் ஷாப்பிங்’ என்று பெயர்.

கே: மேல்முறையீட்டில் யாராவது தப்பியதுண்டா?

ப: வானொலிப் பிரபலம் ரஷ் லிம்பா முயன்றார். வலி மாத்திரை விவகாரம். நோயாளிக்கு முன்னறிவிப்பு தராமல், சோதனை வாரண்டோடு போய் அவருடைய மருத்துவக் கோப்புகளை அள்ளியது செல்லுமா என்பதுதான் வழக்கு. அரசியலில் அவருக்கு எதிர்த்துருவமான குடிமை உரிமைச் சங்கம் ஏ.சி.எல்.யு. அவர் பக்கம் நின்றது, தெரியுமா? 2004 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘செல்லும்’ என்றது. 2006-ல் சமரசம்: 18 மாதம் சிகிச்சையைத் தொடர்ந்தால் வழக்கு ரத்து, விசாரணைச் செலவுக்கு 30,000 டாலர்.

அந்தச் சங்கம் கேட்டதுதான் எனக்கும் நியாயமாகப் படுகிறது. சொன்னதெல்லாம் போலீஸ் கைக்குப் போகுமென்றால், மாத்திரைக்கு அடிமையானவர் எந்த டாக்டரிடம் உண்மையைச் சொல்வார்?