எட்டு கொடுக்காதே தம்பி!

மதுரையிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும், திருமங்கலமோ மேலூரோ உசிலம்பட்டியோ, எங்காவது வயற்காட்டுக்கு நடுவே நாலு மாடிப் பொறியியல் கல்லூரி ஒன்று நிற்கும். வாசலில் ஆர்ச், ஆர்ச்சில் நிறுவனர் படம், உள்ளே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு சி புரோகிராமிங் லேப். அந்த லேப்பைப் பொறுத்தவரை உலகத்தில் மூன்றே எண்கள்தான் உண்டு. ஃபேக்டோரியலுக்கு 5, பாலிண்ட்ரோமுக்கு 121, ஆம்ஸ்ட்ராங்குக்கு 153. 370, 371, 407 ஆகியவையும் ஆம்ஸ்ட்ராங் எண்கள்தான். பாவம், ரெக்கார்டு நோட்டில் அவற்றுக்கு அட்மிஷன் கிடைக்கவில்லை.

வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது நோட்டிலும் ஒரே ஃபோர் லூப், ஒரே அவுட்புட், ஒரே எழுத்துப்பிழை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் அருமையான பயிற்சி ஒன்று இருந்தது: ஆட்களின் உயரத்தை அரேயில் நிரப்பு, சராசரிக்கு மேல் எத்தனை பேர் என்று சொல். கேள்வி கேட்டவர் புத்திசாலி. அறுபது பிள்ளைகள் கண் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு டேப்பை நீட்டினால் போதும். யார் நீட்டியது? சீனியர் நோட்டில் ஐந்து பேர் ஏற்கெனவே தயாராக இருக்கிறார்கள். வருஷம் தவறாமல் அதே ஐவர், ஒரு சென்டிமீட்டர்கூட வளராமல்!

தப்பித் தவறி ஒரு பையன் ஃபேக்டோரியலுக்கு எட்டைக் கொடுத்துப் பார்க்கிறான் என்று வையுங்கள். ஒன்றிலிருந்து எட்டுவரை பெருக்கி 40320 வர வேண்டிய இடத்தில் திரையில் மைனஸ் 25216 வந்து நிற்கிறது.

"சார், எட்டு கொடுத்தா மைனஸ்ல வருது சார்."

"எட்டை யாருப்பா கொடுக்கச் சொன்னா? மேனுவல்ல என்ன இருக்கு? அஞ்சு கொடு."

அந்தப் பையன் அன்றைக்கு அந்த லேப்பில் கம்ப்யூட்டர் படித்த ஒரே ஆள். அவனைத்தான் உட்காரச் சொல்கிறார்கள். பல லேப்களில் இன்னும் ஓடுவது டாஸ் காலத்து டர்போ சி. அதில் முழு எண்ணை வைக்கும் இன்ட் என்பது 16 பிட், 32767-க்கு மேல் ஒன்றைக்கூடத் தாங்காது, சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். இதே 16 பிட் எல்லையை ஓர் எண் மீறியதால்தான் 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் வானத்திலேயே சிதறியது. நம் பையன் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். ஐரோப்பாவில் அதற்கு விசாரணைக் குழு போட்டார்கள், இங்கே இன்டர்னலில் இரண்டு மார்க் வெட்டுகிறோம்.

அந்த டர்போ சி இன்றைய 64 பிட் விண்டோஸில் தானாக எழுந்து உட்காராது. டாஸ்பாக்ஸை மாட்டி மூச்சு ஓட்டுகிறார்கள். ஜிசிசி கம்பைலர் இலவசமாகக் கிடைக்கிறது, வேண்டாமாம். டர்போ சி-யின் நீலத் திரை இல்லாவிட்டால் தேர்வு நடத்த வரும் எக்ஸ்டர்னலுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

ஃபங்ஷன் பாடத்தில் ஸ்வாப் என்று ஒரு பயிற்சி வரும். கால் பை வேல்யூ முறையில் எழுதினால், ஃபங்ஷனுக்குள் இரண்டு எண்களும் இடம் மாறும். வெளியே வந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கும், ஏனென்றால் மாறியது நகல் மட்டும். 2008, 2013, 2017, 2021 என்று பாடத்திட்ட ரெகுலேஷன் மாறிய கதையும் இதுவே. பல்கலைக்கழகத்துக் காகிதத்தில் எல்லாம் மாறியது, வயற்காட்டு லேப்பில் ஒன்றும் அசையவில்லை.

பாயிண்டரைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். அதை நிர்வாகங்களிடம் விட்டிருக்கலாம், பிரமாதமாக நடத்தியிருப்பார்கள். 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது, 224 பொறியியல் கல்லூரிகளில் இந்த மோசடி நடந்திருக்கிறது என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம்சாட்டியது. ஒரே மெமரி முகவரி, அதைக் காட்டும் பாயிண்டர்கள் பல! ஆள் இல்லாத நாற்காலியிடம் எந்தப் பிள்ளை போய் சந்தேகம் கேட்பது?

நாலு வருஷம் கழித்து கம்பெனிக்காரன் வந்து, "இந்தப் பிள்ளைகளுக்கு வேலை பார்க்கத் தகுதியில்லை" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறான். உடனே நிர்வாகமும் சேர்ந்துகொண்டு, "கிராமத்துப் பசங்க, இங்கிலீஷ் வரலை" என்கிறது. தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸை வாங்கும்போது மட்டும் கிராமம் இனித்ததா? இங்கிலீஷ் வராததால் யாருக்கும் லூப் வராமல் போகவில்லை. எட்டு கொடுத்தவனை அடக்கியதால் போயிற்று. பிள்ளைகளுக்குத் தகுதியில்லை என்று சொல்லும் தகுதி, பார்த்து எழுதிய ரெக்கார்டுக்குக் கூசாமல் கையெழுத்துப் போட்ட யாருக்கும் கிடையாது.

அட்மிஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் அப்பாமாரே, அம்மாமாரே! ஆர்ச்சையும் ஏசி ஆடிட்டோரியத்தையும் பார்த்து வாய் பிளக்காதீர்கள். நேராக லேப்புக்குப் போங்கள். எந்த வருஷத்து கம்பைலர் என்று கேளுங்கள். சி நடத்தும் ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருக்கிறார், ஆளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒரு சீனியர் பிள்ளையைக் கூப்பிட்டு, நோட்டைப் பார்க்காமல் எட்டுக்கு ஃபேக்டோரியல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினார்களானால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.