பெரியம்மா, இயல்பா இருக்கோணும்

பேராதனையில் கலஹா சந்தியருகே எங்கள் வீடு. அதன் முன்பாதியைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட நினைத்தோம். விளம்பரத்துக்குப் படம் எடுக்கத் தங்கச்சியின் மகன் கமெராவோடு வந்தான்.

"பெரியம்மா, வீடு இயல்பா இருக்கோணும்."

அவன் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

முதலில் மூன்று கலண்டர்கள் போயின. பிறகு பிளாஸ்டிக் கதிரைகள். செற்றியின் பொலித்தீனை உரித்தான்; வாங்கிப் பதினோரு வருடம், அது நீலநிறம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எல்லாம் பின்விறாந்தைக்குப் போய்ச் சேர்ந்தன. சாய்மனைக் கதிரை மட்டும் மிச்சம். அதில் இவர் பேப்பரோடு படுத்திருந்தார்.

"கதிரை போனா நானும் போவன்."

பொடியன் யோசிக்கவே இல்லை. "சரி பெரியப்பா, எழும்புங்கோ."

அடுத்து, "லைற்றெல்லாம் நூருங்கோ" என்றான். யன்னல் வெளிச்சம் நீலமாம், குண்டு பல்ப் மஞ்சளாம். இரண்டும் கலந்தால் சுவருக்குச் செங்கமாரி வந்தது போலிருக்குமாம். வெயில் உறைக்காமலிருக்க யன்னலில் வெள்ளைப் பெட்சீற்றைக் கட்டினான். கட்டி முடிய, ஹந்தானைப் பக்கமிருந்து முகில் இறங்கி வெயிலே இல்லை. அவிழ்த்தான். கமெராவை நெஞ்சுயரத்தில் நேராகப் பிடிக்க வேண்டுமாம், அண்ணாந்தால் சுவர் சாயுமாம். அதுவரை சரி. ஆனால் கட்டிலில் விரித்த புத்தகம், பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி! எங்கள் வீட்டில் அதைச் செய்தவனுக்கு அடிதான் விழுந்திருக்கும். குடிக்கப்போன என்னையும் தடுத்தான். "அது படத்துக்கு."

இந்த வியாதி நாட்டுக்குப் புதிதல்ல. 1877இல் களுத்துறையில் புகழ்பெற்ற புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கமெரன், விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படம்பிடித்தார். நோர்த், பேராதனைப் பூந்தோட்டத்துக்கும் வந்துபோன அம்மணிதான். கமெரன் அவருக்குக் கம்பளித் துணி சுற்றி, கூந்தலை அவிழ்த்து, தென்னோலை தலையில் குத்த, உச்சிவெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். வெப்பமானி காட்டியது 96 பாகை பரனைற். நோர்த் அதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதிப் பழிதீர்த்தார். நான் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து ஒரு தாய் ஃபோன் எடுத்தா. மகளுக்கு அறை தேடுகிறாவாம். வீடு நல்ல வடிவு என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அலுமாரிக் கண்ணாடிக்குள்ள, சாமான் குவியலுக்கு நடுவில ஒரு ஐயா பேப்பர் வாசிக்கிறார். அவரும் வீட்டோடயோ?"

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் கேட்டேன். பேப்பர் இறங்கவில்லை.

"கதிரைக்குத் தனி வாடகை எண்டு சொல்லு."