இனாம் வீட்டுக்கு டொலர் மாப்பிள்ளை

எடேய் மோனை, நீ லினக்ஸுக்கு மாறினது நல்ல காரியம். 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடை மைக்ரோசொப்ற் வின்டோஸ் 10-ஐக் கைவிட்டிட்டுது. உன்ரை கிழட்டுக் கொம்பியூட்டரை வின்டோஸ் 11 ஏறெடுத்தும் பாராது. புதுசு வாங்கக் கையிலை காசில்லை. லினக்ஸ் மின்ட் சும்மா கிடைச்சுது, போட்டாய். வெள்ளவத்தைச் சந்தையடி தொடக்கம் கடற்கரை ரயில் பாதை வரைக்கும், இனி நான் சுதந்திர மென்பொருள்காரன் எண்டு சொல்லித் திரிஞ்சாய். எனக்கும் பெருமையாய்த்தான் இருந்தது. அடுத்த கிழமை பார்த்தால், அதே லினக்ஸுக்குள்ளை போட்டோஷொப்பை ஓட்டிக் காட்டுறன் எண்டு விடிய விடிய முழிச்சிருக்கிறாய். 'வைனுக்குள்ளாலை ஓடும் அப்பப்பா' எண்டாய். பேரைக் கேட்டுக் கொம்மா பதறிப்போனா. அது குடிக்கிற சாமான் இல்லையெண்டு நான்தான் ஆறுதல் சொல்லி வைச்சிருக்கிறன்.

உந்த வைன் எண்டவர் ஆர்? கலியாணத் தரகர். வெள்ளவத்தையிலை தரகருக்குப் பஞ்சமே? போட்டோஷொப் மாப்பிள்ளை வின்டோஸ் வீட்டிலை வளர்ந்தவர். திரையிலை ஒரு பெட்டி திறக்கவேணும், எழுத்துரு எடுக்கவேணும், கோப்பைச் சேமிக்கவேணும் எண்டால் வின்டோஸின்ரை முறையிலைதான் கேட்பார். லினக்ஸ் வீட்டுக்காரருக்கு அந்த முறை தெரியாது. தரகர் நடுவிலை நிண்டு, கேட்ட ஒவ்வொண்டையும் லினக்ஸுக்கு விளங்கிற விதமாய்ச் சொல்லிக் குடுப்பார். வின்டோஸை அவர் கொண்டந்து குடிவைக்கிறதில்லை, இருக்கிற மாதிரி நடிப்பார், அவ்வளவுதான். மாப்பிள்ளை தரகருக்குத் தெரியாத ஒண்டைக் கேட்டாரோ, தாலி கையிலை இருக்கக் கலியாணம் நிண்டிடும். உன்ரை திரையிலை நேற்று ராத்திரி நடந்தது அதுதான்.

தரகரைக் குறை சொல்லாதை. 1993-இலை துவங்கின வேலை. 1.0 எண்டு துணிஞ்சு நம்பர் போட 2008 ஜூன் ஆச்சு. 15 வருஷம் மோனை, ஒரு சதம் தரகுக்காசு கேளாமல். இடையிலை பெரிய இடத்துச் சம்பந்தமும் வந்தது. 2000-ஆம் ஆண்டு கனடாவின்ரை கோரல் கம்பனி, உங்கடை பனர்க் கடைக்காரர் உயிரை விடுற அதே கோரல்ட்றோவை, வைனைப் பிடிச்சுக்கொண்டு லினக்ஸுக்கு விட்டது. அதுக்கு முதல் வருஷமே தன்ரை பேரிலை ஒரு லினக்ஸும் விட்டிருந்தது. 2000 ஒக்டோபரிலை மைக்ரோசொப்ற் வந்து கோரலிலை 135 மில்லியன் டொலர் முதல் போட்டது. 2001-இலை அந்த லினக்ஸ் வியாபாரம் கைமாறிப் போச்சு. ஏன் எண்டு என்னைக் கேளாதை, நான் சீதனத் தொகையை மட்டும் சொன்னன்.

டிஸ்னிக்காரரும் உன்னைப்போலைதான் அந்தரிச்சவை. படம் செய்யிற யந்திரங்களை லினக்ஸுக்கு மாத்திப்போட்டு, போட்டோஷொப் இல்லாமல் கையைப் பிசைஞ்சவை. 2003-இலை வேறை ரெண்டு படக் கம்பனியையும் சேர்த்துக்கொண்டு, வைனை வைச்சு வேலை செய்யிற கோட்வீவர்ஸ் எண்ட கம்பனிக்குக் காசு குடுத்துத்தான் போட்டோஷொப் 7-ஐ ஓட வைச்சவை. பிறகு போட்டோஷொப் சிஎஸ்2-வுக்குக் கூகிள் காசு குடுத்தது. நீ யூரியூப்பிலை ஒரு பெடியன்ரை விடியோவைப் பார்த்திட்டு, ஒரு இரவிலை முடிக்கப் பார்க்கிறாய். துணிச்சல்தான்.

வைன்காரர் எந்த மென்பொருள் எவ்வளவுக்கு ஓடுமெண்டு தரம் பிரிச்சு எழுதி வைச்சிருக்கினம்: பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், கடைசியிலை குப்பை. செட்டியார் தெருவிலைகூட இவ்வளவு நேர்மையாய் ஒருத்தரும் சொல்லமாட்டினம். பழைய போட்டோஷொப்புகளைத் தரகர் ஒருமாதிரி ஒப்பேத்திப்போடுவார். கரைச்சல் 2013-க்குப் பிறகு. பெட்டியிலை விக்கிறதை அடோபி விட்டிட்டு மாசச் சந்தாவுக்கு மாறினதாலை, மாப்பிள்ளை பந்தலுக்கு வரமுன்னமே லொகின், சந்தா, கிரியேற்றிவ் கிளவுட் எண்டு அவற்றை ஆக்கள் ஒரு பட்டாளம் வந்து நிக்கும். கன இடத்திலை தரகர் அந்தப் பட்டாளத்தோடைதான் மாரடிக்கிறார், மாப்பிள்ளையோடை இல்லை.

அதாலை சந்தாவுக்கு முந்தின சிஎஸ்6 போதும் எண்டாய். சரி, சிஎஸ்6 எங்காலை எண்டு கேட்டால் பல்லைக் காட்டுறாய். உடைச்ச கொப்பி! கீழை சுதந்திர மென்பொருள், மேலை களவு மென்பொருள். நல்ல மாடி வீடு. கொம்பியூட்டர் நிரலும் பதிப்புரிமைக்குள்ளை அடங்குமெண்டு இந்த நாட்டிலை 2003-இன் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. அதை நான் கட்டிப்பிடிச்சு அழேல்லை. 2022-இலை டொலர் 200 ரூபாவிலையிருந்து 360-ஐத் தாண்டிப் பாய்ஞ்ச நேரம், அடோபி ஒரு சதம் கூட்டாமலே சந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகினது எனக்குத் தெரியாதே? உன்ரை வயித்தெரிச்சல் நியாயம். அதுக்கு நீ பிடிச்ச வழியைத்தான் பகிடி பண்ணுறன்.

இப்ப வேலைக்கு வா. நீ டிஸ்னிக்குப் படம் கீறேல்லை. கலியாணக் காட், சாமத்திய வீட்டுப் பனர், ஜூன் 13-இலை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு வாழ்த்து, ஆடிவேலுக்கு ஒரு பந்தல் பனர், வருஷம் முழுக்க செத்தவையின்ரை 31-ஆம் நாள் கல்வெட்டுப் புத்தகம். இதிலை பாதிக்கு மேலை தமிழெழுத்து. ஈய எழுத்தை ஒண்டொண்டாய்ப் பொறுக்கி அடுக்கின கை இது, அதாலை சொல்லுறன்: உன்ரை போன கல்வெட்டை நான் கண்ணாடி போட்டுப் பார்த்தனான்.

செத்தவரின்ரை மகன் ரொறொன்ரோவிலையிருந்து வட்ஸ்அப்பிலை யுனிகோட்டிலை அனுப்பின வரலாறு அது. உன்ரை பழைய போட்டோஷொப்புக்கு யுனிகோட் தமிழை அடுக்கத் தெரியாது, கொம்பு முன்னுக்கு வராமல் பின்னுக்கு விழும். அதுக்காக நீ வரலாற்றைப் பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தினாய். பாமினியிலை ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலையெல்லாம் தமிழ் உருவம் இருக்கு. அரைப்புள்ளியின்ரை இடத்திலை மெய்யெழுத்தின்ரை புள்ளி. பாவம், செத்த மனிசன் பாடுபட்டுப் படிச்ச பீ.ஏ. பட்டத்தை மகன் ஆங்கிலத்திலை எழுதியிருக்க, அது பேருக்குப் பக்கத்திலை அர்த்தமில்லாத ரெண்டு தமிழெழுத்தாய் நிக்குது. ஆரும் கேட்டவையே? இல்லை. துக்க வீட்டிலை எழுத்துப்பிழை பார்க்கிறது நான் ஒருத்தன்தான்.

நீ விட்டெறிஞ்சிருக்கிற, படம் கீறுற இங்க்ஸ்கேப்பைத் திறந்து அதே வரலாற்றை ஒட்டிப் பார். படம் திருத்துற ஜிம்ப்பிலும் பார். கொம்பும் காலும் அதது தன்ரை இடத்திலை நிக்கும், பாமினியும் வேண்டாம், மாத்திற கருவியும் வேண்டாம். ஹார்ப்பஸ் எண்ட எழுத்தடுக்கி அதுக்குள்ளை இருந்து வேலை செய்யுது. உன்ரை அண்ட்ரொயிட் போனிலை தமிழ் வடிவாய்த் தெரியிறதும் அதாலைதான். பக்கம் கட்டுறதுக்கு ஸ்கிரைபஸ் இருக்கு. தமிழை ஒழுங்காய் அடுக்க அது கன காலம் திண்டாடினது மெய். 2017-இலை சோதனைப் பதிப்பிலை சரிவந்து, 2024 ஜனவரியிலை 1.6 எண்டு நிலையான பதிப்பாய் வந்திட்டுது. நோட்டோ தமிழ் எழுத்துரு காசில்லை. ஆக, நீ இரவிரவாய்த் தரகரோடை மல்லுக்கட்டிக் கொண்டுவரப் பார்க்கிறது தமிழ் எழுதத் தெரியாத மாப்பிள்ளையை. எழுதத் தெரிஞ்சவர் வீட்டுத் திண்ணையிலை குந்தியிருக்கிறார்.

நான் இனாம் சாமானுக்குத் தவில் அடிக்கிற ஆள் இல்லை. இங்க்ஸ்கேப் வேலை செய்யிறது திரையின்ரை மூண்டு நிறத்திலை. அச்சுக்கு நாலு மை. அப்பிடியே குடுத்தாயெண்டால், உன்ரை கறுப்பு எழுத்து நாலு மையிலும் பிரிஞ்சு நாலு பிளேட்டிலும் ஏறும். பிளேட் ஒரு மயிரிழை விலகினால் போதும், சின்ன எழுத்துக்குப் பக்கத்திலை நீலமும் சிவப்புமாய் நிழல் விழும். குங்குமச் சிவப்பும் செங்கட்டி நிறமாகும். அதுக்குப் படத்தை இங்க்ஸ்கேப்பிலை கீறி, எழுத்தை ஸ்கிரைபஸிலை தனிக் கறுப்பு மையிலை வைச்சு, பிடிஎஃப்-எக்ஸ்-3 ஆய் எடுக்கவேணும். ஜிம்ப் 3 இப்ப நாலு நிறத்திலை ஏற்றுமதி செய்யும், எண்டாலும் போட்டோஷொப் பழகின கைக்கு ஒரு மாசம் எரிச்சலாய்த்தான் இருக்கும். வாடிக்கைக்காரர் பிஎஸ்டி கோப்போடை வந்தால் போட்டோபீயாவைப் பிரவுசரிலை திற, திறக்கும். சந்தா கட்டத்தான் போறியெண்டால், 2023 செப்டெம்பரிலையிருந்து போட்டோஷொப்பே பிரவுசருக்குள்ளை வந்திட்டுது. முழுசில்லை, எண்டாலும் தரகர் இல்லாமல் நேரே வாறார்.

கொழும்பிலை உது ஏலாதெண்டு மட்டும் சொல்லாதை. 2004 சுனாமி அடிச்ச கையோடை, காணாமல் போன சனத்தையும் முகாமையும் பதிய இந்த ஊர்ப் பெடி பெட்டையள் சகானா எண்ட பதிவு முறையைக் கட்டினது சுதந்திர மென்பொருளிலைதான். பிறகு உலகமே எடுத்துப் பாவிச்சது. உனக்கு ஒரு கல்வெட்டு ஏலாதோ?

ஆகவே, உனக்கு உரிமையுள்ள பழைய டிஸ்க் கையிலை இருந்தால் வைனோடை விளையாடு, ஞாயிற்றுக்கிழமையிலை. போட்டோஷொப் இல்லாமல் நடக்காத வேலை வந்தால் சந்தாவைக் கட்டி, அதை அந்த வேலை தந்தவரின்ரை பில்லிலை போடு. கல்வெட்டுக்கு ஸ்கிரைபஸைப் படி. 155 பஸ்ஸிலை ஏறிக் கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் போனால், எதிலை செய்தனியெண்டு அங்கை ஒருத்தரும் கேக்கிறேல்லை. அவைக்குத் தேவை பிடிஎஃப், அதுவும் வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு முதல்.