குளியல் தொட்டிக்கு நானே பொறுப்பு

டி. கல்லுப்பட்டியில் நான் குடியிருந்த வீட்டில், பாத்ரூம் சுவிட்சுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பிளாஸ்டிக் பேனா ஒன்று தொங்கும். சுவிட்சைத் தட்டுவதற்கு. விரலால் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். "ஈரக்கையோட மட்டும் தொட்றாதீங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர். குளித்துவிட்டு வருகிறவனுக்கு வேறு எந்தக் கை இருக்கும்?

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் அந்த ஊரில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் வாழ்ந்தார். அவருடைய எளிமை எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒட்டிக்கொண்டது, வாடகைக்கு விடும் போர்ஷனில் மட்டும்.

தமிழ்நாட்டின் 2017-ம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை, யார் எதைப் பழுது பார்ப்பது என்று பாகம் பிரிக்கிறது. சுவர், வெள்ளையடிப்பு, குழாய் பதிப்பது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பங்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, கீசர், குளியல் தொட்டி, தோட்டப் பராமரிப்பு குடியிருப்பவர் பங்கு. என் குளியல் தொட்டி ஒரு நீல பிளாஸ்டிக் வாளி, காது அறுந்தது. தோட்டம், ஓட்டிடுக்கில் தானாக முளைத்த அரசங்கன்று.

சுவிட்சு என் தலையில், அதற்குப் பின்னால் சுவருக்குள் போகும் வயர் அவர் தலையில். ஷாக் யார் பங்கு என்று அட்டவணையில் இல்லை. இருந்தாலும் துணிந்து, "வயரிங் உங்க பொறுப்புண்ணே, சட்டத்துல இருக்கு" என்றேன்.

"சட்டப்படியே போவோம் தம்பி. மொதல்ல வாடகையில இருந்து ஆரம்பிப்பமா?"

அன்று சாயங்காலம் பேனாவுக்குப் புது நூல் மாற்றிக் கட்டினேன்.